ஊரைப் போடாதேங்கோ

டீச்சர்,

உறுதியான செய்தியை முதலில் சொல்கிறேன். என் பெயரில் குற்றப்பதிவு எதுவும் இல்லை. நான் இப்போது இருக்கும் இந்த நகரத்தின் பொலிசார் அதை எழுத்தில் அறிவித்திருக்கிறார்கள். கடிதம் நேற்றுக் காலை தபாலில் வந்தது. ஒரே தாள், கீழே வலது மூலையில் நீல முத்திரை. மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தான் கீறிய படத்துக்குப் பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள்.

தாள் எதற்கென்றால், மகளின் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் உதவி செய்யும் பெற்றோர் எல்லோரும் அதைக் கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் எனக்கு வேலை. சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி மூடிகளைத் திறந்து கொடுப்பேன். சாப்பிட்டு முடிந்ததும் வெளியே விளையாட அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஒவ்வொருவருக்கும் குளிர் ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துவிட வேண்டும். கையுறை மாட்ட வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு மாட்டி முடிக்கும்போது முதல் பிள்ளை கழற்றிவிட்டு நிற்கும். இதுவரை ஓர் ஆசிரியையின் கண் முன்னால்தான் நின்றேன். இந்தத் தாள் வந்தபடியால் இனித் தனியாகவும் நிற்கலாமாம்.

தாளுக்கான படிவத்தில் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர் கேட்டிருந்தார்கள். மாத்தளை என்று எழுத எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? எழுதிவிட்டுப் படிவத்தைக் கொடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் இருமினார். அந்தத் தாமதத்துக்குக் காரணம் நீங்கள்.

நீங்கள் போய் இன்றைக்குப் பதினெட்டாம் நாள். முதலில் உங்கள் மகள் போனில் சொன்னாள். பிறகு நான் உங்கள் பள்ளி ஹெட்மாஸ்டருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மாத்தளை ஆஸ்பத்திரியில், விடியற்காலை, இருதயம். இரண்டு பேர் சொன்ன பிறகுதான் நம்பினேன். நிருபர் பழக்கம் போகவில்லை.

இந்தக் கடிதத்தில் உங்கள் பெயரோ ஊரோ வராது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்களை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில், பஸ் விட்டுவிடும் இடத்திலிருந்து இரண்டு கட்டை தூரம் ஏறி உங்கள் தோட்டப் பாடசாலைக்கு வந்தேன். காற்றில் கூரைத் தகடு பறந்துவிட்டது என்று தகவல். ஒரே நீள மண்டபம், அதற்குள் ஐந்து வகுப்பு. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவருக்குப் பதில் கரும்பலகை. ஹெட்மாஸ்டர் என்னை வாசலிலேயே மறித்தார்.

“கூரைய அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல எங்க டீச்சரம்மாவப் பாருங்க. சம்பளம் இல்லாம வேல செய்ற ஆள நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க.”

“மாவட்ட நிருபர்னு ஒருத்தன் இருக்கானே சேர்,” என்றேன். சிரித்தார்.

நீங்கள் ஐந்தாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளை ஸ்வெட்டர். கரும்பலகைக்கு மேல் ஒரு குடை விரித்துக் கட்டியிருந்தது. கூரை ஒழுகிய தண்ணீர் குடையில் விழுந்து உங்கள் தோளில் வடிந்தது. குடை ஏன் பலகைக்கு என்று கேட்டேன்.

“நான் நனைஞ்சா காயும். கணக்கு நனைஞ்சா அழிஞ்சு போம்,” என்றீர்கள்.

உங்கள் கதையை நீங்கள் சொன்னபடியே குறித்துக்கொண்டேன். வடக்கில் ஒரு கிராமம். சண்டையில் வீடு போனது. கணவர் முன்னரே கனடா போய், அகதியாக ஏற்கப்பட்டு, உங்களையும் மகளையும் சேர்த்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அது வரும்வரை இருக்க ஓர் இடம் வேண்டும். கணவரின் பழைய நண்பர் அந்தத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார், தன் குவாட்டஸில் ஓர் அறை கொடுத்தார். மகளைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள். முதல் நாள் அவளை விட்டுவிட்டு, பள்ளி விடும்வரை வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. பொறுக்க முடியாமல் எழுந்து உள்ளே போனீர்கள். அதோடு தினமும் போனீர்கள். பதிவேட்டில் உங்களைத் தொண்டர் ஆசிரியை என்று எழுதினார்கள்.

“விசா வந்தா?” என்று கேட்டேன்.

ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். “வரக்கூடாதுன்னு இந்தப் புள்ளைங்க மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு இருக்குதுங்க.”

“அப்ப நான் பிள்ளையாரிட்டைச் சொல்லிறன்,” என்றீர்கள். “ஆர் வெல்லீனம் எண்டு பாப்பம்.”

அடுத்த வருடம் அந்தப் பள்ளியில் முதல் தடவையாக இரண்டு பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். இருவரும் கொழுந்து பறிக்கும் பெண்களின் மகள்கள். நான் மேலே ஏறி வந்தேன். ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் டொபி கொடுத்தார். நான் நோட்டுப் புத்தகத்தை மூடும்போது, என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள்.

“தம்பி, என்ரை பேரைப் போட்டாலும் காரியமில்லை. ஊரைப் போடாதேங்கோ.”

காரணம் கேட்கத் தேவையில்லை. அந்த வருடங்களில் வடக்கில் பிறந்தவர் என்று அடையாள அட்டையில் இருந்தாலே சோதனைச் சாவடியில் இறக்கி நிறுத்துவார்கள். தெற்கே குண்டு வெடித்த வாரத்தில் அப்படிப்பட்டவர்களைத் தேடியே வருவார்கள். விசாவுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பத்திரங்களில் பொலிஸ் சான்றிதழ் ஒன்று மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“சத்தியமாப் போட மாட்டேன் டீச்சர்,” என்றேன்.

எழுதிய தாளில் போடவும் இல்லை. அது உண்மை.

அப்போதெல்லாம் செய்தியைக் கொழும்புக்குப் போனில் வாசிக்க வேண்டும். மறுமுனையில் டெஸ்கில் ஒருவர் எழுதிக்கொள்வார். பெயர், வயது, ஊர் இல்லாமல் ஓர் ஆள் செய்திக்குள் வரக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. பதினைந்து வருடம் அந்த ஒழுங்கில் வேலை செய்தவன் நான். மாத்தளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவர் நடத்திய, காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமியூனிகேஷன் கடையில் நின்று வாசித்தேன். உங்கள் பெயர் வந்தது.

“டீச்சருக்கு எந்த ஊர்?” என்று டெஸ்கில் கேட்டார்கள்.

சொன்னேன். கேட்டதும் சொன்னேன். கிராமத்தின் பெயரோடு சொன்னேன். அவர் பிழையாக எழுதிவிடுவாரோ என்று எழுத்தெழுத்தாகவும் சொன்னேன்.

ரிசீவரை வைத்து, பஸ் ஸ்டாண்ட் வரை நடந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்தேன். அப்போது மாலை நாலேகால். பத்திரிகைப் பக்கம் கட்டி அச்சுக்கு விடுவது ஏழு மணிக்கு என்று எனக்குத் தெரியும். கடையில் வெளிநாட்டுக் கோலுக்குக் காத்திருந்தவர்கள் வாங்குப் பலகை நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னம் அஞ்சு பேரு ஈக்கிறாங்க சேர். நிக்கிறீங்களா? அவசரமா?” என்றார் நானா.

அவசரம் என்றால் முன்னுக்கு விட்டிருப்பார். பலமுறை விட்டவர்தான். ஆனால் அவசரம் என்று சொல்லி, டெஸ்குக்குப் போன் எடுத்து, கொடுத்த செய்தியைத் திருத்தச் சொல்லி, ஏன் என்று அவர்கள் கேட்க அதற்கும் பதில் சொல்ல வேண்டும். உள்பக்கச் செய்திதானே என்று நினைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

“இல்ல நானா. பரவால்ல,” என்றேன். வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் செய்தி வந்தது, நகைக்கடை விளம்பரம் ஒன்றுக்குக் கீழே. அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் என் வீட்டு வாசலில் நின்றார். அவர் டவுனுக்கு வரும்போது எப்போதும் வெள்ளைச் சட்டை போடுவார். அன்று வீட்டில் போடுகிற சட்டையோடு பஸ் ஏறி வந்திருந்தார்.

“தம்பி, டீச்சரம்மாவ ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. வகுப்புக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. புள்ள எங்க வீட்டுலதான் இருக்கு. ஒண்ணும் திங்க மாட்டேங்குது.”

பொலிஸ் நிலையத்தில் நீங்கள் வாங்கின் ஓரத்தில் இருந்தீர்கள். மடியில் அந்தக் குடை. பலகையிலிருந்து அவிழ்த்து எடுத்து வந்திருந்தீர்கள். நான் நிருபர் என்பதால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மேசையில் திறந்திருந்த கோப்பில் என் செய்தி வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் உங்கள் ஊரின் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது, ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல்.

ஹெட்மாஸ்டரும் தோட்டத்துத் துரையும் கையெழுத்துப் போட்ட பிறகு, வெயில் சாயும் நேரம் உங்களை விட்டார்கள். அடிக்கவில்லை, குற்றம் சாட்டவில்லை. பெயரை எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில். ஹெட்மாஸ்டர் முன் சீட்டில் தூங்கிவிட்டார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“டீச்சர், நான் ஊரச் சொல்லல. டெஸ்க்ல அவங்களாப் போட்டுட்டாங்க.”

நீங்கள் வெளியே பார்த்தபடி இருந்தீர்கள்.

“அவைக்கு எப்பிடித் தம்பி தெரியும்?”

பஸ் இரண்டு வளைவு ஏறியது. பிறகு நீங்களே சொன்னீர்கள்:

“பேப்பரிலை பிழை ஒண்டும் இல்லை. என்ரை ஊரின்ரை பேரை எல்லாரும் பிழையாத்தான் எழுதிறவை. நீங்கள் சரியா எழுதியிருக்கிறியள்.”

அதற்குப் பிறகு அதைப்பற்றி நீங்கள் ஒருநாளும் பேசவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்குப் போனீர்களாம். குடையைத் திரும்பவும் கட்டினீர்களாம். பொலிஸ் சான்றிதழுக்கு நீங்கள் விண்ணப்பித்தபோது ‘விசாரணை முடிவடையவில்லை’ என்று பதில் வந்தது. சான்றிதழ் இல்லாமல் விசாக் கோப்பு நகராது. நான் உங்களோடு நிலையத்துக்கு வரத் தொடங்கினேன். எனக்குச் சிங்களம் வரும், உங்களுக்கு வராது. அதனால்தான் வருகிறேன் என்று சொன்னேன். நீங்களும் அதையே காரணமாக ஏற்றுக்கொண்டீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: “ஹெட்ட எண்ட.” நாளைக்கு வாருங்கள்.

“இந்த ரெண்டு சொல்லும் எனக்கு இப்ப நல்லா வந்திட்டுது,” என்றீர்கள் ஒருநாள் வாசலில் செருப்பைத் தேடியபடி. “சிங்களத்திலை சோதினை வைச்சா பாஸ் பண்ணிடுவன்.”

சமாதான காலம் வந்த பிறகுதான் சான்றிதழ் வந்தது. அதற்குள் வைத்தியச் சான்றிதழ் காலாவதி. பழைய கோப்பு மூடப்பட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார்கள். மகளுக்குப் பதினான்கு வயது. அவள் பத்திரங்களில் சிக்கல் இல்லை. அவளை முதலில் அனுப்பினீர்கள். விமான நிலையத்துக்கு நானும் வந்தேன். அவள் உள்ளே போன பிறகு, தொலைந்த பொருளைத் தேடுபவர் போல இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, “நாளைக்கு ஐந்தாம் வகுப்புக்குச் சோதினை, வெள்ளெனப் போகவேணும்,” என்றீர்கள்.

இரண்டாம் விண்ணப்பம் போட்டீர்கள். சண்டை திரும்பத் தொடங்கியது. பொலிஸ் சான்றிதழ் காலாவதியானது. இடையில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நியமனம் கொடுத்தார்கள். உங்களுக்கும் கடிதம் வந்தது. வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தேன்.

“ஓம், ஏதோ ஒண்டு நிரந்தரமாச்சுது,” என்றீர்கள்.

மூன்றாம் முறை படிவம் வந்தபோது அதை நிரப்பவில்லை என்று ஹெட்மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிறகு நான் எழுதிய வேறொரு செய்திக்காக என்னைத் தேடி வந்தார்கள். நானும் மனைவியும் மகளும் புறப்பட்டோம். உங்களுக்குக் கிடைக்காத அதே நாட்டில் வந்து இறங்கினேன். இங்கே மனைவிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. எனக்கு வாரத்தில் மூன்று மாலை, பெட்டி அடுக்குகிற வேலை. மிச்ச நேரம் தபால்காரர் வரும் பாதையைப் பார்த்திருப்பேன். போன வருடம் ஒரு போன் காட் வாங்கி உங்களுக்குப் போன் எடுத்தேன். குரல் கேட்டதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி:

“அங்கை உங்கடை ஊரைக் கேட்டவங்களோ, தம்பி?”

“கேட்டாங்க டீச்சர்.”

“எழுத்துக்கூட்டிச் சொன்னியளோ?”

நான் எழுத்தெழுத்தாகச் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊகமாக இருக்கலாம். என் வேலைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். “டீச்சர், அந்த விஷயம்...” என்று தொடங்கினேன்.

“காட் முடியப்போகுது. பிள்ளை என்ன படிக்கிறாள்? நீங்கள் பகலிலை என்ன செய்யிறியள்?”

கடிதத்துக்குக் காத்திருக்கிறேன் என்றேன்.

“வீட்டிலை இருந்து கடிதம் பாத்தா விசர் பிடிக்கும். பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலை போய் நில்லுங்கோ. ஏதாவது ஒரு வேலை இருக்கும். கூப்பிட மாட்டினம், நீங்களாப் போகவேணும்.”

அதற்குப் பிறகு காட் முடிந்துவிட்டது. அடுத்த திங்கள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இன்று வரை போகிறேன். டெஸ்க் அல்ல, நான்தான் சொன்னேன், டீச்சர். நாலேகால் மணிக்குத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. இதைச் சொல்லப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துவிட்டேன்.

இப்போது நிலுவையில் உள்ளவை.

முந்தாநாள் உங்கள் மகள் திரும்பவும் போன் எடுத்தாள். அவள் பேச்சில் பாதி உங்கள் தமிழ், பாதி எங்கள் தமிழ். முப்பத்தோராம் நாளுக்குப் பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும்.

“மாமா, நீங்கதானே எழுதணும். அம்மாவுக்கு வேற ஆர் எழுதுவாங்க?”

அந்த அறிவித்தல்களின் வாசகம் உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட. அவள் கேட்டாள், கனடாவையும் சேர்க்கலாமா என்று. அப்பாவும் தானும் இங்கே இருக்கிறோமே என்றாள். சேர்க்க முடியாது அம்மா என்றேன். நீங்கள் இங்கே ஒருநாளும் இருக்கவில்லை.

“அப்ப பிறந்த ஊர்? அதப் போட்டாத்தானே மாமா ஊர்ச்சனத்துக்குத் தெரியும்? எல்லாரும் எங்க எங்கயோ இருக்காங்க.”

அவள் சொல்வது சரி. உங்கள் ஊரில் இன்று ஒருவரும் இல்லை. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அக்கா, சண்டை முடிந்ததும் சனங்களை அடைத்து வைத்த வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில், கம்பி வேலிக்கு உள்ளே இருக்கிறார். அது உறுதி, போன மாதம் ஒருவர் கண்டு வந்து சொன்னார். அறிவித்தலில் அவர் பெயரும் வரும். அந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், எந்த வரிக்குக் கீழே கோடு விழும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். அதை விலக்கிக்கொள்ளவில்லை. நீங்கள் இல்லாதபோது விலக்கக்கூடியவர், அதனால் ஏதும் வந்தால் தாங்க வேண்டியவர், அந்த அக்கா ஒருவர்தான்.

“பெரியம்மாவக் கேட்டுட்டுப் போடுவோம்,” என்றேன். “கேக்காமப் போட மாட்டேன்.”

உங்கள் மகளுக்கு அந்தக் காரணம் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளுக்கும் அனுப்பப் போகிறேன். பிறகு தெரியும்.

என் நிரந்தர வதிவிடம் பற்றி: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, வைகாசிக்கு முன் முடிவு சொல்வார்கள் என்று கடைசிக் கடிதம் சொல்கிறது. அது வரும்போது வரட்டும்.

உங்கள் அக்காவைப் பார்க்க, தெரிந்தவர் ஒருவர் வியாழக்கிழமை முகாமுக்குப் போகிறார். எங்கள் கேள்வியைத் துண்டில் எழுதாமல் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறோம். பதில் வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைக்கும். பத்திரிகைக்கு அன்று மாலைக்குள் வாசகம் போக வேண்டும். வெள்ளி மதியம் நான் சாப்பாட்டு மண்டபத்தில் சிப் இழுத்துக்கொண்டிருப்பேன், போன் சட்டைப்பையில் இருக்கும். அறிவித்தல் எழுதி முடிந்துவிட்டது. ‘பிறப்பிடமாகவும்’ என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும், ஓர் ஊரின் பெயர் அடங்கும் அளவு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.